‘நம்பவில்லை’ என்று தள்ளிய அகதிக் கோரிக்கை: கனடா ஃபெடரல் கோர்ட் மீளாய்வு, படிப்படியாக

நிராகரிப்புக் கடிதம் கையில் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். நடந்த கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்குகிறார்கள். ‘நான் சொன்னது சத்தியம், அவர் எப்படி நம்பாமல் விடலாம்?’ கோபம் நியாயமானதுதான். ஆனால் ஃபெடரல் கோர்ட் என்று எல்லாரும் சொல்கிற சமஷ்டி நீதிமன்றத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. நீங்கள் சொன்னது உண்மையா என்று அங்கே நீதிபதி பார்ப்பதில்லை. உங்களை நம்பாமல் விட்டவர் அதற்குச் சொன்ன காரணங்கள் நிற்குமா என்றுதான் பார்க்கிறார். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவதும், தீர்ப்புகளைத் தமிழில் விளக்கிச் சொல்வதும் என் வேலையின் ஒரு பகுதி. நான் வக்கீல் இல்லை. இது வக்கீலுக்குப் பதிலும் இல்லை. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும், அவர் எழுதித் தருவதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் நாளை எண்ணுங்கள்

கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள். குடிவரவு, அகதிப் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிற கெடு இது. வேலை நாள் கணக்கு இல்லை, சனி ஞாயிறும் சேர்த்துத்தான். கடித உறையைத் தூக்கி எறியாதீர்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அதையும் அழிக்காதீர்கள். எப்போது கிடைத்தது என்று பின்னால் காட்ட வேண்டி வரலாம்.

இந்த 15 நாளுக்குள் முழு வாதத்தையும் எழுதி முடிக்க வேண்டியதில்லை. மீளாய்வுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பப் படிவத்தைக் கோர்ட்டில் பதிந்து, 50 டாலர் கட்டி, அரசாங்கத் தரப்புக்கு, அதாவது அமைச்சருக்காக ஆஜராகும் நீதித்துறை அமைச்சு வக்கீல்களுக்கு, ஒரு பிரதி கொடுத்தால் போதும். கொடுத்ததற்கான அத்தாட்சியையும் கோர்ட்டில் சேர்க்க வேண்டும். வக்கீல் இன்னும் கிடைக்கவில்லையே என்று பயந்து நாளை விட்டுவிடாதீர்கள். படிவத்தை நீங்களே பதியலாம், வக்கீல் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கெடு தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றில்லை. அதே விண்ணப்பத்திலேயே கால நீட்டிப்புக் கேட்கலாம். எதிர்க்கும் எண்ணம் தொடர்ந்து இருந்ததா, வழக்கில் சரக்கு இருக்கிறதா, தாமதத்துக்கு ஏற்கக்கூடிய காரணம் உண்டா, எதிர்த்தரப்புக்கு இதனால் பாதிப்பா என்று நீதிபதி பார்ப்பார். ‘எனக்குத் தெரியாது’ என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது.

இமிக்ரேஷன் கன்சல்டன்ட்டுக்கு ஃபெடரல் கோர்ட்டில் உங்களுக்காக நிற்க அதிகாரம் இல்லை. அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் குடிவரவு, அகதிச் சபையின் விசாரணையில் அவர் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இங்கே வக்கீல் வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே வாதாட வேண்டும். கையில் காசு இல்லையென்றால் உங்கள் மாகாணத்துச் சட்ட உதவி நிறுவனத்திடம் உடனே கேளுங்கள். ஒன்ராறியோவில் வழக்கில் வெல்ல வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் பரிசீலனைக்கும் நாள் பிடிக்கும்.

எந்த முடிவை எதிர்க்கிறீர்கள்?

சபையில் முதல் விசாரணை நடத்துவது ஆர்பிடி என்கிற அகதிப் பாதுகாப்புப் பிரிவு. அதற்கு மேலே ராட் என்கிற அகதி மேன்முறையீட்டுப் பிரிவு. ராட்டுக்குப் போகும் உரிமை உள்ளவர் அதைத் தாண்டி நேரே கோர்ட்டுக்கு வர முடியாது. ராட் முடிவு வந்த பிறகு கோர்ட் பார்ப்பது ராட்டின் முடிவைத்தான். இதை நூறு தடவை சொன்னாலும் தகும். ஏனென்றால் வாதக் குறிப்புகள் சறுக்குகிற இடமே இதுதான். முடிவெடுக்கும் ஆர்பிடி உறுப்பினர் இப்படிக் கேட்டார், அப்படிச் சிரித்தார் என்று பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். நீதிபதிக்கு வேண்டியது, அதைப் பற்றி ராட்டிடம் முறையிட்டீர்களா, ராட் அதற்கு என்ன சொன்னது என்பதே. ராட்டில் எழுப்பாத புள்ளியைக் கோர்ட்டில் புதிதாக எழுப்பினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

சிலருக்கு ராட்டே கிடையாது. கோரிக்கைக்கு ‘நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை’ என்றோ ‘வெளிப்படையாக ஆதாரமற்றது’ என்றோ ஆர்பிடி முத்திரை குத்தியிருந்தால் மேன்முறையீட்டு உரிமை போய்விடும். அமெரிக்கா வழியாக வருபவர் அங்கேயே கோர வேண்டும் என்கிற பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தத்தின் விதிவிலக்கில், உதாரணமாக இங்கே உறவினர் இருப்பதைக் காட்டி, அமெரிக்காவிலிருந்து தரைவழியாக வந்தவர்களுக்கும் அப்படித்தான். இவர்கள் நேரே கோர்ட்டுக்கு வருவார்கள், ஆர்பிடி முடிவே அங்கே பரிசீலிக்கப்படும்.

நாடுகடத்தல் தானாக நிற்குமா?

ராட் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் விண்ணப்பம் போட்டால், பெரும்பாலானவர்களுக்கு வெளியேற்ற உத்தரவு தானாகவே நின்றுவிடும். கோர்ட் அனுமதி மறுக்கும் வரைக்கும், அனுமதி கிடைத்தால் வழக்கு முடியும் வரைக்கும் நிற்கும். நாள் தவறி, கால நீட்டிப்புக் கேட்டுப் போட்டவர்களுக்கு இந்தத் தானியங்கிப் பாதுகாப்பு இல்லை. பாரதூரமான குற்றத் தீர்ப்பு உள்ளவர்களுக்கும் இல்லை. 15 நாள் என்று மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராட் இல்லாமல் நேரே வந்தவர்களுக்கும் தானாக நிற்காது. எல்லைச் சேவை முகவர்கள் புறப்படும் நாளைக் குறித்துவிட்டால் தனியாக ஒரு இடைக்கால நிறுத்த மனுப் போட வேண்டும். அதில் மூன்றைக் காட்ட வேண்டும்: வழக்கில் பாரதூரமான கேள்வி இருக்கிறது, அனுப்பினால் ஈடுசெய்ய முடியாத தீங்கு வரும், இரு தரப்பு வசதி வசதியீனத்தை எடை போட்டால் தராசு உங்கள் பக்கம் சாய்கிறது. விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகு கடைசி நேரத்தில் ஓடினால் நீதிபதி எரிச்சலோடுதான் வாசிப்பார்.

ஒலிப்பதிவை எடுங்கள், நீங்களே கேளுங்கள்

சபை விசாரணைகள் ஒலிப்பதிவாகின்றன. அதைக் கேட்டு வாங்கலாம். முழுக் கோப்பையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லையில் அதிகாரி எழுதிய குறிப்புகள், பிஓசி படிவமும் (கோரிக்கையின் அடிப்படையை, உங்கள் கதையை, எழுதிக் கொடுத்த படிவம்) அதற்கு நீங்கள் கொடுத்த திருத்தங்களும், கொடுத்த எல்லா ஆவணமும், ராட்டுக்கு எழுதிய வாதம்.

வக்கீல் தமிழராக இருந்தாலும் ஒலிப்பதிவை நீங்களும் கேட்க வேண்டும் என்பேன். ஏன் என்பதற்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கடைசிவரைக்கும் இது நம்மோடு வரும்.

ஒரு பெண். கிளிநொச்சிக்காரி. பிஓசி படிவத்தில், உடன்பிறந்தது ஒரே ஒரு அண்ணன், 2009இல் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. விசாரணையில் உறுப்பினர் கேட்கிறார்: 2019இல் உங்களைத் தேடி வந்தபோது எங்கே இருந்தீர்கள்? அவர் சொல்கிறார்: “வவுனியாவில அண்ணா வீட்டில இருந்தனான், பெரியம்மாட மகன்.” மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னது: என் சகோதரர் வீட்டில். அவ்வளவுதான். பெரியம்மா மகன் காற்றோடு போய்விட்டது. தீர்ப்பில் இப்படி வருகிறது: 2009இல் இறந்ததாகச் சொன்ன சகோதரரின் வீட்டில் 2019இல் தங்கியதாகச் சாட்சியம் அளித்தார், இந்த முரண்பாடு அவருடைய ஒட்டுமொத்த நம்பகத்தன்மையைப் பாதிக்கிறது.

தமிழ் தெரிந்த யாருக்கும் இதில் முரண்பாடே இல்லை. பெரியம்மா மகனை அண்ணா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? மாமா என்ற சொல்லிலும் இதே கண்ணி உண்டு. தாயின் சகோதரர், மாமனார், சில வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெரியவர்கூட மாமாதான். ‘பிடிச்சுக்கொண்டு போனவை’ என்பது கைது ஆகவும் வரலாம், கடத்தல் ஆகவும் வரலாம். ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் மற்றது என்று மொழிபெயர்ந்திருந்தால் கதை மாறிவிட்டது என்று எழுதிவிடுவார்கள்.

கேட்கும்போது நேரத்தைக் குறியுங்கள். ஒரு மணி 12ஆவது நிமிடம், கேள்வி இது, தமிழில் சொன்னது இது, ஆங்கிலத்தில் போனது இது. பிறகு வேறொரு தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் அந்தப் பகுதியைக் கேட்டு எழுதி, சத்தியக் கடதாசியில் கையெழுத்திட வேண்டும். உங்கள் சொந்த மொழிபெயர்ப்புக்குப் பெறுமதி குறைவு.

ஒரு கசப்பான விஷயம். மொழிபெயர்ப்புப் பிழையை முதல் வாய்ப்பிலேயே எழுப்பியிருக்க வேண்டும் என்பது கோர்ட்டின் நிலை. விசாரணையிலேயே தெரிந்திருந்தால் அங்கேயே. ஆங்கிலம் தெரியாததால் தீர்ப்பு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால் ராட்டில். நம் கிளிநொச்சிப் பெண் ராட்டில் எழுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். ராட் ஒரே வரியில் ‘மொழிபெயர்ப்பு போதுமானதாக இருந்தது’ என்று முடித்துவிட்டது. இப்போதுதான் கோர்ட்டில் பேச ஒரு விஷயம் பிறந்திருக்கிறது.

தீர்ப்பைப் பென்சிலோடு வாசியுங்கள்

வேலையின் இதயம் இதுதான். ஆற அமர இரண்டு மூன்று நாள் கொடுங்கள்.

ஒரு தாளில் மேலிருந்து கீழாக நாலு பத்தி (column) கீறிக்கொள்ளுங்கள். முதலாவதில், தீர்ப்பின் எந்தப் பந்தியில் எதை நம்பவில்லை என்கிறார்கள். இரண்டாவதில், அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள். மூன்றாவதில், கோப்பிலும் ஒலிப்பதிவிலும் உண்மையில் என்ன இருக்கிறது. நாலாவதில், அந்தப் புள்ளியை எடுத்துவிட்டால் தீர்ப்பு நிற்குமா விழுமா. நாலாவது பத்தியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 2019இல் கொடுத்த வாவிலோவ் தீர்ப்புத்தான் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் அளவுகோல். முடிவு நியாயமானதாக இருக்க வேண்டும், அதன் தர்க்கம் உள்ளுக்குள் ஒட்ட வேண்டும், சான்றுகளோடும் சட்டத்தோடும் பொருந்த வேண்டும் என்கிறது அது. வரிக்கு வரி பிழை தேடுகிற புதையல் வேட்டை இல்லை என்றும் சொல்கிறது. ஓரத்தில் கிடக்கும் சின்னப் பிழை பத்தைக் காட்டுவதைவிட, நடுத்தூண் ஒன்றை ஆட்டிக் காட்டுவது மேல். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது: ஒருவருடைய வாழ்க்கைக்கு விளைவு எவ்வளவு கடுமையோ, அந்த அளவுக்குக் காரணங்களும் கனமாக இருக்க வேண்டும். உயிர்ப் பயத்தோடு வந்தவரின் வழக்கில் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இனி, நம்பாமல் விடுவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள். ஒவ்வொன்றையும் உடைக்க ஒவ்வொரு வழி.

*முரண்பாடு.* மூன்று கேள்வி கேளுங்கள். முரண்பாடு நிஜமாகவே இருக்கிறதா? அது கதையின் மையத்தில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா? அதை உங்கள் முன் வைத்து விளக்கம் கேட்டார்களா, நீங்கள் சொன்ன விளக்கத்தைத் தீர்ப்பில் எடைபோட்டார்களா? விளக்கத்தைக் குறிப்பிடாமலே தள்ளியிருந்தால் அது நல்ல புள்ளி. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவரின் வார்த்தைகளை நுணுக்கித் துருவக்கூடாது என்று ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989இலேயே சொல்லியிருக்கிறது. அதே சமயம், மையமான இரண்டு மூன்று விஷயங்களில் நிஜமாகவே கதை மாறியிருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதீர்கள். நீதிபதி கோப்பை வாசிப்பார்.

*விடுபட்டது.* பிஓசி படிவத்தில் இல்லாத விஷயத்தை விசாரணையில் சொன்னார் என்பது. சித்திரவதை செய்ததையே எழுதாமல் விட்டிருந்தால் கஷ்டம்தான். எழுதிய சம்பவத்துக்கு விசாரணையில் கூடுதல் விவரம் சொன்னது என்றால் கதை வேறு. விவரம் கேட்டால் விவரம் சொல்லத்தானே வேண்டும்? எல்லையில் அதிகாரி எழுதிய குறிப்பில் இல்லை என்பதை வைத்துத் தள்ளியிருந்தால், அந்தச் சந்திப்பு எவ்வளவு நேரம், என்ன கேள்வி கேட்டார்கள், மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியிலா நேரிலா என்று பாருங்கள்.

*‘இப்படி நடந்திருக்காது.’* எனக்குப் பிடித்த இடம் இது, ஏனென்றால் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘இராணுவம் உண்மையிலேயே தேடியிருந்தால் விட்டிருக்காது’, ‘லஞ்சம் கொடுத்து விமான நிலையத்தைத் தாண்டியிருக்க முடியாது’ என்றெல்லாம் ஊகத்தில் எழுதுவது. வால்ச்சேவ் என்ற 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு ஒரு கோடு போட்டது: மிகத் தெளிவான சந்தர்ப்பங்களில் மட்டுமே ஒன்றை நடக்க முடியாதது என்று தள்ளலாம். சொன்னது எதிர்பார்க்கக்கூடிய எல்லைக்கு முழுக்க வெளியே இருக்க வேண்டும், அல்லது அப்படி நடக்கவே முடியாது என்று ஆவணச் சான்று காட்ட வேண்டும். வேறு நாட்டின் நடைமுறையை கனடா அளவுகோலால் அளக்கக்கூடாது. ஆகவே தீர்ப்பில் ‘நடந்திருக்க வாய்ப்பில்லை’ என்று வரும் இடமெல்லாம் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் எழுதுங்கள்: எந்தச் சான்றை வைத்து? ஒவ்வொரு நாட்டின் நிலைமை பற்றியும் சபை வைத்திருக்கும் தேசிய ஆவணத் தொகுப்பிலேயே அதற்கு எதிரான பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பக்க எண்ணோடு குறியுங்கள்.

*ஆவணம் கொண்டுவரவில்லை.* மல்டொனாடோ என்ற 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு எல்லாரும் மேற்கோள் காட்டுவது. சத்தியம் செய்து சொன்னது உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், சந்தேகிக்கக் காரணம் இருந்தால் தவிர. இதை வெறுமனே மேற்கோள் காட்டினால் பயனில்லை, எதிர்த்தரப்பு ‘காரணம் இருந்தது’ என்று ஒரே வரியில் பதில் சொல்லும். 2020இல் ஃபெடரல் கோர்ட் இதை இன்னும் கூர்மையாக்கியது: உறுதிப்படுத்தும் ஆவணம் இல்லை என்று தள்ளுவதற்கு முன், அந்த ஆவணம் ஏன் வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் சொல்ல வேண்டும். அது கிடைக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும், கொண்டுவராததற்கு நியாயமான விளக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு எதிரான கத்தி ஒன்றும் உண்டு. ஆவணம் இல்லாவிட்டால் ஏன் இல்லை, எடுக்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும் என்பது ஆர்பிடியின் 11ஆம் விதி.

*ஆவணம் கொண்டுவந்தும் எடுபடவில்லை.* அம்மா எழுதிய கடிதம், கிராம அலுவலர் கடிதம், மருத்துவரின் அறிக்கை. ‘உறவினர் எழுதியது, ஆகவே எடை குறைவு’ என்று மட்டும் எழுதித் தள்ளியிருந்தால் கோர்ட் பலமுறை கண்டித்த பிழை அது. நடந்ததைப் பார்த்தவர்கள் வீட்டுக்காரர்கள்தானே? இன்னொரு பிழை: ‘கோரிக்கையாளரை நம்பவில்லை, ஆகவே இந்தக் கடிதத்தையும் நம்பவில்லை’ என்று வண்டியைக் குதிரைக்கு முன் கட்டுவது. ஆவணத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நம்பலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு வர வேண்டும். முக்கியமான சான்றைத் தீர்ப்பில் பெயருக்குக்கூடக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், அதைப் பார்க்கவே இல்லை என்று கோர்ட் கருதலாம். சான்று எவ்வளவு முக்கியமோ அவ்வளவு எளிதாகக் கருதும்.

*தாமதம், திரும்பிப் போனது.* கனடா வந்து எட்டு மாதம் கழித்துத்தான் கோரினார், இடையில் ஊருக்குப் போய் வந்தார் என்பவை. இவை பயம் இருந்ததா என்பதைத் தொடும். ஆனால் தாமதம் மட்டுமே ஒரு கோரிக்கையைத் தீர்த்துவிடாது. சித்திரவதை, உயிராபத்து போன்றவற்றிலிருந்து பாதுகாப்புத் தருகிற, சட்டத்தின் 97ஆம் பிரிவில் மனப்பயம் தேவையே இல்லை, ஆபத்து இருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித் தள்ளியிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையையும் நம்பாவிட்டாலும் மறுக்க முடியாத சில விஷயங்கள் மிஞ்சும்: தமிழர், வடக்கைச் சேர்ந்தவர், இந்த வயது, உடலில் தழும்பு, கோரிக்கை நிராகரிக்கப்பட்டுத் திரும்புகிறவர். இந்த மிச்சத்தை வைத்தாவது ஆபத்து இருக்கிறதா என்று பார்த்தார்களா? பார்க்காமல் ‘நம்பவில்லை, முடிந்தது’ என்று நிறுத்தியிருந்தால் அது தனிப் புள்ளி. சான்று இருந்து, ராட்டிலும் எழுப்பியிருந்தால் வலுவான புள்ளி.

ராட் தானாகவே புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பி, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வைத்துத் தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். இது நடைமுறை நீதி சம்பந்தப்பட்டது. இங்கே கோர்ட் ராட்டுக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

சத்தியக் கடதாசியும் வாதக் குறிப்பும்

விண்ணப்பம் போட்ட பிறகு முழுப் பதிவேட்டையும், அதாவது சத்தியக் கடதாசி, வாதக் குறிப்பு, இணைப்புகள் எல்லாம் சேர்ந்த கட்டை, கொடுக்க விதிப்படி 30 நாள். வழக்குகள் குவிந்ததால் 2025 மே மாதம் கோர்ட் ஒரு தனி உத்தரவில் அதை 75 நாளாக நீட்டியது. நீங்கள் பதியும் அன்று எது நடைமுறையில் இருக்கிறது என்று பதிவகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும்.

சத்தியக் கடதாசி குட்டையாக இருக்கட்டும். என்ன தாக்கல் செய்தோம், என்ன முடிவு வந்தது, இணைப்புகள் இவை. உறுப்பினர் முன் இல்லாத புதுச் சான்றைக் கோர்ட் பொதுவாகப் பார்க்காது. போன வாரம் ஊரில் பொலிஸ் வந்து தேடிய கடிதம் இங்கே உதவாது. விதிவிலக்கு, நடைமுறை அநீதியைக் காட்டும் சான்று. நம் பெண்ணின் ஒலிப்பதிவு எழுத்துப்படி அப்படி ஒன்று, ராட்டிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் கேள்வியே இல்லை.

முன்னாள் வக்கீலின் பிழைதான் காரணம் என்று சொல்லப்போகிறீர்களா? சும்மா எழுதிவிட முடியாது. அவருக்கு முன்கூட்டியே அறிவித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டின் வழிகாட்டல் இருக்கிறது.

வாதக் குறிப்பை எப்படி எழுதக்கூடாது, எப்படி எழுத வேண்டும் என்று நம் வழக்கிலேயே பார்ப்போம்.

கூடாதது: “விண்ணப்பதாரர் உண்மையைத்தான் சொன்னார். அவர் தன் ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டில்தான் இருந்தார். ராட் அவரை நம்பியிருக்க வேண்டும்.”

இதை வாசிக்கும் நீதிபதி, சான்றை மறுபடி எடைபோடச் சொல்கிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

வேண்டியது: “ராட் தன் முடிவின் 21ஆம் பந்தியில், இறந்த சகோதரரின் வீட்டில் தங்கியதாகச் சொன்னதையே நம்பகத்தன்மையின்மைக்கு முதன்மைக் காரணமாக எடுத்தது. ஒலிப்பதிவின் 1:12இல் விண்ணப்பதாரர் ‘பெரியம்மாவின் மகன்’ என்று சொன்னதும், அது ஆங்கிலத்தில் விடுபட்டதும் இணைப்பு ‘ஈ’யில் உள்ளன. அந்த எழுத்துப்படி ராட்டின் முன் இருந்தது. ராட் அதைக் குறிப்பிடவில்லை. 24, 27ஆம் பந்திகளின் முடிவுகள் இந்த முரண்பாட்டின் மேல் கட்டப்பட்டவை.”

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். பிழையைக் காட்டினால் மட்டும் போதாது, அது எதைத் தாங்கி நின்றது என்றும் காட்டியாக வேண்டும். மேலே சொன்ன நாலாவது பத்தி இதற்காகத்தான்.

மூன்று புள்ளி போதும். நாலு என்றால் அதிகம். குறிப்புக்கு 30 பக்க எல்லை உண்டு, ஆனால் நல்லவை பெரும்பாலும் அதில் பாதிக்குள் முடிந்துவிடும்.

அனுமதிக் கட்டம்

அரசாங்கத் தரப்புப் பதில் எழுதும், நீங்கள் சுருக்கமாக மறுமொழி கொடுக்கலாம். பிறகு ஒரு நீதிபதி தாள்களை மட்டும் வாசித்து அனுமதி கொடுப்பார் அல்லது மறுப்பார். யாரையும் கூப்பிட மாட்டார். மறுத்தால் பொதுவாகக் காரணம் எழுதுவதில்லை, அதற்கு மேன்முறையீடும் கிடையாது. சட்டம் அப்படி. ஒரு வரியில் வாழ்க்கை முடிந்துவிட்டதே என்று தொலைபேசியில் அழுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அனுமதிக்குத் தேவை, வாதிடத்தக்க வழக்கு ஒன்று இருப்பது. வெல்லும் என்று காட்ட வேண்டியதில்லை. தாள் மட்டுமே பேசுகிற கட்டம் என்பதால் குறிப்பின் முதல் இரண்டு பக்கத்திலேயே உங்கள் நல்ல புள்ளி வந்துவிட வேண்டும்.

அனுமதி கிடைத்தால்

30 நாளுக்குப் பிறகு, 90 நாளுக்குள் விசாரணை. சபை தன் முழுக் கோப்பையும் சான்றுப்படுத்தி அனுப்பும். வந்ததும் உங்கள் பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். நீங்கள் கொடுத்த ஆவணம் அதில் இல்லையென்றால், முடிவெடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை என்ற கேள்வி எழும். சில வழக்குகள் இந்த ஒன்றிலேயே வென்றிருக்கின்றன. இந்தக் கட்டத்தில் அரசாங்க வக்கீலே கோப்பைப் பார்த்துவிட்டு, ‘திருப்பி அனுப்ப நாங்களும் சம்மதிக்கிறோம்’ என்று சொல்வதும் உண்டு. வக்கீலிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஒரே நீதிபதி, இரண்டு வக்கீல்கள், சாட்சி இல்லை. உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். போய் உட்கார்ந்து கேட்கலாம். நீதிபதி உங்கள் வக்கீலை மடக்கி மடக்கிக் கேட்டால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை. தீர்ப்பு அன்றைக்கே வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம்.

தோற்றால் மேலே போவது அரிது. பொது முக்கியத்துவமுள்ள பாரதூரமான கேள்வி என்று அந்த நீதிபதியே சான்று கொடுத்தால்தான் மேன்முறையீட்டு நீதிமன்றக் கதவு திறக்கும். நம்பகத்தன்மை வழக்குகள் அவரவர் உண்மைகளில் தொங்குபவை, அதனால் அவற்றுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. இதன் பிறகு நாடுகடத்தலுக்கு முந்திய ஆபத்து மதிப்பீடு, மனிதாபிமான விண்ணப்பம் என்று வேறு வழிகள் உண்டு. அவற்றுக்கு 12 மாதத் தடைகளும் விதிவிலக்குகளும் இருப்பதால் தேதிகளோடு வக்கீலிடம் பேசுங்கள்.

வென்றால், அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது என்று இனிப்புக் கொடுக்கத் தொடங்காதீர்கள். முடிவு ரத்தாகி, வேறொரு உறுப்பினர் மறுபடி பார்க்கத் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். ராட் முடிவு ரத்தானால் ராட்டுக்கே போகும். அங்கே சட்டம் விடும் அளவுக்குப் புதுச் சான்று கொடுக்கலாம், போன வாரம் பொலிஸ் வந்த கடிதத்துக்கு இப்போதுதான் வேளை. பழைய கோப்பும் பழைய ஒலிப்பதிவும் அப்படியே இருக்கும், புது உறுப்பினர் அவற்றையும் பார்ப்பார். ராட் வழக்கை மீண்டும் ஆர்பிடிக்கு அனுப்பி, நம் கிளிநொச்சிப் பெண் இன்னொரு தடவை சாட்சியம் சொல்ல உட்கார்ந்தால், அன்றைக்கு அவர் வாயில் ‘அண்ணா’ வரக்கூடாது. “பெரியம்மாவின் மகன், அவருடைய பெயர் இது” என்று சொல்லி நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் அதை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.